பதினொரு பூட்டு வீட்டில் பிடிபட்டவர்

பூட்டு ரிப்பேர்க்காரரை எல்லோரும் ‘சாவி’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் தொழிலுக்கு வந்த புதிதில் வாரத்துக்கு நாலு வீட்டில் திருட்டு நடக்கும். வீட்டுக்கு ஒரே பூட்டு. அதுவும் பாதி நாள் சும்மா தொங்கும். பிறகு பள்ளிக்கூடம் வந்தது, தெருவிளக்கு வந்தது, ஆளுக்கொரு வேலை வந்தது. திருடர்களும் வேலைக்குப் போய்விட்டார்கள். கடைசித் திருட்டு நடந்து ஏழு வருஷம் ஆகிறது. சாவிக்கோ மூச்சுவிட நேரமில்லை. திருட்டு குறையக் குறைய, ஜனங்கள் பூட்டுக்குமேல் பூட்டாக மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

“காலம் கெட்டுக் கெடக்குப்பா” என்பார்கள்.

“ஆமாங்க” என்று சாவியும் திருகாணியை முடுக்குவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் போன் செய்தார். அவர் வீட்டு வாசற்கதவில் பதினொரு பூட்டு. சாவிக்கொத்தை வாத்தியார் மனைவி தினமும் ஓர் இடத்தில் ஒளித்து வைப்பார். அன்றைக்கு எங்கே வைத்தோம் என்பது அவருக்கே மறந்துபோயிற்று. இருவரும் உள்ளேயே மாட்டிக்கொண்டார்கள்.

சாவி போய், வெளியிலிருந்தே ஒன்பது நிமிஷத்தில் பதினொன்றையும் திறந்தார். நன்றி சொல்ல வாயெடுத்த வாத்தியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

“பூட்டுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகலையே.”

“தொழில் சார்.”

“அதைத்தான் நானும் சொல்றேன்.”

அதற்குள் அவர் மனைவி ஸ்டேஷனுக்குப் பேசிவிட்டார்.

ஏழு வருஷமாகக் கைதியின் முகத்தையே பார்க்காத ஏட்டு, சாவியைச் சம்பந்தியை வரவேற்பதுபோல ஸ்டேஷன் வாசலுக்கே வந்து கூட்டிப்போனார். டீ வரவழைத்தார். லாக்கப்தான் துருவேறிக் கிடந்தது. அதன் சாவி எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஏட்டு தலையைச் சொறிந்தார்.

“தப்பா நெனச்சுக்காதீங்கண்ணே. இதைக் கொஞ்சம் தெறந்து…”

சாவி எண்ணெய் விட்டுத் திறந்து, உள்ளே போய் உட்கார்ந்தார். கதவைச் சாத்தினால் பூட்டு விழவில்லை.

“பூட்டோட நாக்கு தேஞ்சுபோச்சு. நாளைக்கு வேற மாட்டித் தரேன்” என்றார் சாவி.

“சரிண்ணே. அதுவரைக்கும் நீங்களே உள்ளேர்ந்து புடிச்சுக்குங்க.”

பிடித்துக்கொண்டார். கை கடுத்தது, மனசு அதைவிடக் கடுத்தது. அவர் பூட்டு மாட்டாத வீடு அந்த ஊரில் ஒன்றுகூடக் கிடையாது.

மத்தியானம் வாத்தியார் குடையோடு வந்து கம்பிக்கு வெளியே நின்றார்.

“சாவிக்கொத்து இன்னும் கெடைக்கல. வீடு தெறந்தே கெடக்குப்பா. பயமா இருக்கு. நீ வந்து பூட்டிக் குடுத்துட்டு வந்துடேன்.”

“என்னைத்தான் திருடன்னீங்களே சார்?”

“அதுக்கு? வேற யாரை நம்பறது?”

எதுவும் திருட்டுப் போகவில்லை என்று வாத்தியாரே எழுதிக் கொடுத்தார். ஏட்டு சாவியை அனுப்பிவைத்தார். ஆனால் பதிவேட்டில் எழுதிய திருட்டு வழக்கை மட்டும் அடிக்க அவருக்கு மனம் வரவில்லை. “ஏழு வருஷம் கழிச்சு ஒரு வரி எழுதியிருக்கேன், விடுங்கண்ணே” என்றார்.

வருஷக் கடைசியில் வழக்குக் கணக்கு மேலதிகாரிகளுக்குப் போயிற்று. போன வருஷம் ஒன்றுமில்லை, இந்த வருஷம் ஒன்று. ‘திருட்டு வழக்குகள் மீண்டும் தலைதூக்கின’ என்று பேப்பரில் கொட்டை எழுத்தில் வந்தது. சாவியின் மனைவி அதை விரித்துப் பிடித்தபடி வந்தாள்.

“ஊருக்குள்ள திருடன் வந்துட்டானாம். நம்ம வீட்டுல ஒரே ஒரு பூட்டுதான் இருக்கு.”

“அந்தத் திருடன் நான்தாண்டி.”

“நீங்க ஒருத்தர்தான்னு போட்டிருக்கா?”

சாவி பேப்பரை வாங்கி இரண்டு தடவை படித்தார். அப்படிப் போடவில்லை. அன்று சாயங்காலம் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு வந்து, தன் வீட்டுக் கதவில் துளை போட ஆரம்பித்தார்.