நடு ரோட்டில் நிற்கக் கூடாது

அக்காவின் கல்யாணமும் என் வண்டிப் பயிற்சியும் ஒரே வாரத்தில் வந்து விழுந்தன. வெள்ளிக்கிழமை அவளுக்கு முகூர்த்தம், சனிக்கிழமை எனக்குத் தேர்வு. இரண்டில் எது பெரிது என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் யோசிக்காமல் பதில் சொல்லியிருப்பேன். தேர்வில் தேறினால்தான் அப்பாவின் மொபெட்டைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போகலாம் என்பது வீட்டில் முடிவாகியிருந்தது. கல்யாணம் எப்படியும் நடந்துவிடும். தேர்வுக்கு அந்த உத்தரவாதம் இல்லை.

ஆவடியில் தொழிற்சாலை ஊழியர்களுக்கான குடியிருப்பில் இருந்தோம். இரண்டு அறை வீடு. அந்த வாரம் மதுரைப் பக்கத்துச் சொந்தமெல்லாம் அதற்குள் வந்து இறங்கியிருந்தது. எதிர்வீட்டுக்காரர்கள் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போதே சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். மேல்வீட்டு கேஸ் சிலிண்டர் எங்கள் அடுப்படியில் இருந்தது. குடியிருப்பில் ஒரு வீட்டில் கல்யாணம் என்றால் மாடிப்படி உட்பட எல்லாமே அந்த வீட்டுக்குத்தான். காலையில் குளியலறைக்கு இடம்பிடிக்க நான்கு மணிக்கே பெரியம்மா சோப்பு டப்பாவை வாசலில் வைத்துவிடுவாள்.

நான் மட்டும் இந்த அமளியிலிருந்து தினமும் காலையில் தப்பி மைதானத்துக்கு ஓடிவிடுவேன். முந்தின வருடம் எங்கள் குடியிருப்புப் பையன் ஒருவன் வண்டியோடு போய் பஸ்ஸில் மோதிக் காலை ஒடித்துக்கொண்டான். அதனால் பதினாறு வயது தாண்டிய பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஒரு வாரம் வகுப்பு வைத்திருந்தார்கள். வண்டி ஓட்டச் சொல்லித்தரும் வகுப்பு அல்ல, அடிபடாமல் ஓட்டச் சொல்லித்தரும் வகுப்பு. பாடியிலிருந்து வந்த மாஸ்டர் முதல் நாள் எங்களை வண்டியைத் தொடவே விடவில்லை. பாடி சந்திப்புக்குக் கூட்டிப்போய் ஓரமாக நிறுத்திவைத்து, வருகிற ஒவ்வொரு லாரியும் பஸ்ஸும் சைக்கிளும் அடுத்து என்ன தப்பு செய்யும் என்று சொல்லச் சொன்னார்.

“ரோட்ல கீற அத்தினி பேரும் தப்பு பண்ணப் போறான்னு நென்ச்சிகினு ஓட்டணும் பாப்பா. நீ கரீட்டா போறது பெரிசு இல்ல” என்றார்.

மறுநாளிலிருந்து, பார்ப்பதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டவேண்டும் என்றார். இடது பக்கம் பஸ் நிற்கிறது, மறைவிலிருந்து ஆள் வரலாம், வேகம் குறைக்கிறேன், இப்படி. எனக்கு இது மிகவும் பிடித்துப்போனது. வீட்டிலும் ஆரம்பித்துவிட்டேன். முன்னால் பெரியம்மா, கையில் காபி, சொல்லாமல் திரும்புவாள், இடைவெளி விடுகிறேன் என்று நான் நடைபாதையில் சொல்லிக்கொண்டு போக, மாமா சிரித்துச் சிரித்துப் புரையேறினார். அம்மா தலையில் குட்டினாள். வாய்க்கொழுப்பு என்று எல்லோரும் சொன்னார்கள். அக்கா மட்டும் சாயங்காலமானால் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, இன்றைக்கு என்ன பாடம் என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பொழுது போகவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தாள். மாப்பிள்ளைக்கு வேலூர். பெண் வேலைக்குப் போகவேண்டாம் என்று அவர்கள் வந்த அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். இன்னும் ஒரு வருடம் போகட்டுமே என்று அக்கா அப்பாவிடம் கேட்டாள். நல்ல இடம், அவர்கள் காத்திருக்கமாட்டார்கள் என்றார் அப்பா. “சரிப்பா” என்றாள். சத்தமே இல்லாத ஒரு சரி. அதற்குப்பின் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. அவள் கட்டில் எனக்கு வரப்போகிறது என்ற சந்தோஷத்தில் நானும் கேட்கவில்லை.

புதன்கிழமை நலங்கு வைத்தார்கள். நலங்கு வைத்த பெண் வாசல் தாண்டக்கூடாது. ஆனால் வியாழக்கிழமை காலையில் வந்த முகூர்த்த ரவிக்கை கையில் ஏறவேயில்லை. அண்ணனூரில் இருந்த தையல்காரம்மா, பெண்ணே நேரில் வந்தால்தான் சரிசெய்து தரமுடியும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அப்பாவும் மாமாவும் காய்கறிக்குப் போயிருந்தார்கள். வேறு வழியில்லாமல் அம்மா என்னிடம் மொபெட் சாவியைக் கொடுத்தாள். அக்காவின் கையில் பீரோ சாவிக்கொத்தைத் திணித்து, இரும்பு இருக்கட்டும் என்றாள். முகத்தில் மஞ்சளும் கையில் சாவிக்கொத்துமாக அக்கா பின்னால் ஏறிக்கொண்டாள். கல்யாணப் பெண்ணின் உடம்பில் ஒரு கீறல் விழுந்தால் என்னைத் தொலைத்துவிடுவதாக அம்மா தெருமுனைவரை கத்திக்கொண்டே வந்தாள்.

ரவிக்கை சரியாகிவிட்டது. திரும்பும்போது, ரயில் ஷெட்டை ஒட்டிப் போகும் ஆளில்லாத சாலையில் அக்கா என் தோளைத் தட்டி நிறுத்தச் சொன்னாள். “நான் ஓட்டறேன், நீ பின்னாடி உக்காரு” என்றாள். எல்.எல்.ஆர். கூட இல்லாதவள். அம்மாவுக்குத் தெரிந்தால் என் கதி என்ன என்று நான் சொல்லி முடிப்பதற்குள் சாவிக்கொத்தை என்னிடம் கொடுத்துவிட்டு முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

முதலில் வண்டி கொஞ்சம் தள்ளாடியது. பிறகு நேரானது. மாஸ்டர் சொன்னபடியே அவள் வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்தாள். வலது பக்கம் சுவர், திறப்பு எதுவுமில்லை. முன்னால் ஆடு, குட்டி பின்னாலேயே ஓடிவரும், ஹாரன் அடிக்கிறேன். ஒரு வாரம் மைதானத்தில் தொண்டை கிழியக் கத்திய எங்களைவிட நன்றாகச் சொன்னாள். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. காற்றில் அவள் பின்னல் என் முகத்தில் அடித்தது. மஞ்சள் வாசனை வந்தது. அந்த வாரம் முழுவதிலும் அக்கா சிரித்து நான் பார்த்தது அந்தச் சாலையில்தான்.

ஷெட் முடியும் இடத்தில் பேச்சு நின்றது. பிறகு முன்னால் பார்த்தபடியே கேட்டாள்.

“பாதி தூரம் வந்தப்புறம், இந்த வழியில வந்திருக்கவே கூடாதோன்னு தோணுது. அப்ப என்னடி பண்ணணும்?”

எனக்குத் தெரிந்த பாடம். பெருமையாகச் சொன்னேன். “நடு ரோட்ல நிக்கவே கூடாதுக்கா. பின்னாடி வர்றவங்க எல்லாரும் வந்து மோதிடுவாங்க. நேரா போயிட்டே இருக்கணும்.”

“எல்லாரும் மோதிடுவாங்க, இல்ல?” என்றாள்.

“ஆமா. நமக்கும் அடிபடும், அவங்களுக்கும் அடிபடும்.”

“சரி” என்றாள். அதே சத்தமில்லாத சரி. குடியிருப்பு வாசலுக்கு முன்பே இறங்கி இடம் மாற்றிக்கொண்டோம். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாமல் கல்யாணப் பெண்ணை அம்மாவிடம் ஒப்படைத்தேன்.

வெள்ளிக்கிழமை கல்யாணம் நன்றாக நடந்தது. ரவிக்கை பாந்தமாக இருந்ததாக எல்லோரும் சொன்னார்கள். அன்று சாயங்காலமே அக்கா வேலூருக்குப் போய்விட்டாள்.

சனிக்கிழமை தேர்வில் வண்டியை நன்றாகவே ஓட்டினேன். கடைசியில் மாஸ்டர் ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேட்டார். தப்பான வழியில் வந்துவிட்டோம் என்று நடு ரோட்டில் தெரிகிறது, என்ன செய்வாய் என்பது எனக்கு வந்த கேள்வி. நான் அக்காவிடம் சொன்னதையே சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

“பாதி பதில் சொல்லிகீற பாப்பா. நடு ரோட்ல நிக்காதன்னேன். எங்கியுமே நிக்காதன்னா சொன்னேன்? கை காட்டு, ஓரங்கட்டு, பின்னால வர்றவன்லாம் போவட்டும். அப்பால நெதானமா வந்த வழியே திரும்பு. உன் ஊடு எங்க ஓடிப் பூடப்போவுது?”

தேறிவிட்டேன். ஆனாலும் அந்தப் பாதிப் பதில் மனதை உறுத்தியது. வகுப்பில் எல்லோர் முன்னாலும் மானம் போனது ஒன்று. அதைவிட, அக்கா வேலூரில் யாருடைய வண்டியையாவது எடுத்து ஓட்டி, நான் சொல்லிக்கொடுத்த தப்புப் பாடத்தால் எங்கேயாவது மோதிக்கொண்டால் என்ன செய்வது என்ற கவலை.

திங்கட்கிழமை மறுவீட்டுக்கு வந்தார்கள். அத்தான் கூடத்தில் அப்பாவோடு சாப்பிட உட்கார்ந்திருந்தார். அக்கா அடுப்படியில் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். நான் பொறுக்கமாட்டாமல் ஓடிப்போய்ச் சொன்னேன்.

“அக்கா, அன்னிக்கு நான் சொன்னது பாதிதான். ஓரமா நிறுத்தி, எல்லாரையும் போகவிட்டுட்டு, நிதானமா வீட்டுக்கே திரும்பி வந்துடலாமாம். ஒண்ணும் ஆகாதாம். மாஸ்டர் சொன்னாரு.”

அக்கா கரண்டியைப் பிடித்தபடி என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, அதைப் புதுப்புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள். எண்ணெயில் அப்பளம் கருகிக்கொண்டிருந்தது. பெண் சந்தோஷமாக இருக்கிறாள் என்று அம்மாவும் சிரித்தாள். சரியான பதிலைச் சொல்லிவிட்ட திருப்தியில் நானும் சிரித்தேன்.