போன சக்கரம்

தாராவியில் யாரும் வந்து வேலை செய்துகொள்ளக்கூடிய பொதுப் பட்டறை இது. மெஷின் சத்தத்தை மீறி, "சக்கரம் போச்சு!" என்று கத்துகிறேன். பை தைத்துக்கொண்டிருந்த செல்வி பதறிப்போய் ஸ்டூலை இழுத்துப் போடுகிறார்.

"சக்கர் வருதா அண்ணாச்சி? வெயிலுல்லா! தண்ணி குடிங்க."

பம்பாய்த் தமிழில் சக்கர் என்றால் தலைசுற்றல். நான் என் பயணப் பெட்டியின் உடைந்த சக்கரத்தைக் காட்டியதும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்.

"இங்க யாரும் செஞ்சு தரமாட்டாவ. பிரிண்டர் இருக்கு, நீங்களே செய்யுங்க."

நல்ல சக்கரத்தை அளந்து, கம்ப்யூட்டரில் வரைந்து, 3டி பிரிண்டரில் அச்சிடுகிறேன். முதலில் வருவது முட்டை. அடுத்தது அசல் வட்டம்!

மாட்டிய கையோடு பெட்டியைப் பட்டறை முழுக்கச் சுற்றிச் சுற்றி ஓட்டுகிறேன்.

"போதும் அண்ணாச்சி," செல்வி தலையைப் பிடித்துக்கொள்கிறார். "இப்ப எனக்கு சக்கர் வருது!"