டிராகனுக்கு ஏது ராகு காலம்?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், துவாக்குடி டீக்கடையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன். பக்கத்து பெஞ்சில் நான்கு மாணவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை விழுகிறபடி கதையை நகர்த்தி விளையாடுகிறார்கள். நான் படித்த காலத்தில் ஹாஸ்டல் முழுக்கத் தேடியும் இதற்கு இரண்டாவது ஆள் சிக்கவில்லை. இங்கே இடமில்லாமல் மூன்று பேர் நின்று பார்க்கிறார்கள்.

"முன்னாடில்லாம் போனுக்குள்ளயே தலைய விட்டுட்டு உக்காந்திருப்பாங்க சார்," என்கிறார் கடைக்கார அம்மா. "இப்ப இதுதான். ஒரு டீய வாங்கிட்டு பெஞ்ச விடவே மாட்டேங்கிறாங்க."

கதையில் இப்போது குகை வாசல். உள்ளே டிராகன் விழித்துவிட்டது. மந்திரவாதியாக இருப்பவன் பகடையை எடுக்கிறான். சுவரிலிருக்கும் காலண்டரைப் பார்த்ததும் கீழே வைத்துவிடுகிறான்.

"ராகு காலம்டா. முடியட்டும், அடிக்கலாம்."

எனக்குப் பொறுக்கவில்லை. "டிராகனுக்கும் அதே ராகு காலம்தானே தம்பி?"

"அது வெளியூர் டிராகன் சார். பஞ்சாங்கமெல்லாம் பாக்காது."

என் பஸ் வந்து நிற்கிறது, ஹாரன் அடிக்கிறது, போய்விடுகிறது.

"ஐயோ, ஏறலையா சார்?" என்று பதறுகிறார் அம்மா.

"ராகு காலத்துல எப்படிம்மா கிளம்புறது?" என்றபடி அந்த பெஞ்சுக்கு நகர்கிறேன்.