புலி பேசக் கூடாது

என் மனைவி செல்வராணிக்குப் பல் துலக்கும்போதுகூடப் பேச்சு நிற்காது. குளுவாங்கில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் அவளுக்கு வேலை. அங்கே வருகிற பிள்ளைகள் தமிழோ மலாயோ சீனமோ, அவளுக்கு எல்லாரும் 'சாயாங்'தான், மலாயில் 'செல்லம்' என்று அர்த்தம். மீன்காரர் சாயாங், பக்கத்து வீட்டுப் பூனை சாயாங். என்னை மட்டும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அந்த வருத்தம் எனக்கு உண்டு.

இப்படிப்பட்டவள் புலி வேஷம் கட்டப் போவதாகச் சொன்னால் சிரிப்பு வராமல் என்ன செய்யும்?

எங்கள் கோயில் ஊர்வலத்தில் புலிமுகம் போட்டு ஆடுவது, பெக்கோக் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து எங்களோடு வந்த வழக்கம். நான் அந்தக் குழுவில் உறுமி அடிப்பவன். முன்பு ராணியின் அப்பா ஆடினார், பிறகு அவள் தம்பி ஜீவன். இந்த வருஷம் ஜீவனுக்குச் சிங்கப்பூரில் லீவு கிடைக்கவில்லை. குழுத் தலைவர் அர்ச்சுனன் அண்ணன், "புலி வேணாம்லா. முகத்தைக் கோயில் மண்டபத்துக் கண்ணாடி அலமாரியில வெச்சுருவோம்" என்றார்.

ராணி விடவில்லை. "உள்ள போனா அது வெளிய வராதுண்ணே. நான் ஆடுறேன்."

"பொம்பளைப் புலியா?"

"காட்டுல இருக்கிறதெல்லாம் ஆம்பளைப் புலியா?"

அவர் ஒரு நிபந்தனை போட்டார். "முகம் போட்டா புலி பேசக் கூடாது. உங்கப்பா காலத்துக் கட்டு அது. ஒரு வார்த்தை பேசினே, முகம் அலமாரிக்குத்தான்."

ராணி ஒத்துக்கொண்டாள். ஆட்டம் அவளுக்குப் பிரச்சினையே இல்லை, சின்ன வயதிலிருந்து பார்த்தது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள், இவளுக்கோ வாய்தான் வினை. அதனால் வீட்டில் முகத்தை மாட்டிக்கொண்டே சமைத்தாள், துணி மடித்தாள். ஒரு சத்தம் இல்லை. இரண்டு நாளில் எனக்கு அந்த அமைதி பிடிக்காமல் போனது.

ஊர்வலத்தன்று அற்புதமாக ஆடினாள். நான் பெருமையில் உறுமியைக் கொஞ்சம் அதிகமாகவே இழுத்தேன். கடைத்தெரு திரும்பும் இடத்தில் ஒரு சின்னப் பெண்முன் புலி பாய்ந்தது. குழந்தை வீறிட்டு அழுதது. அழுகைச் சத்தம் கேட்டதும் புலி சட்டென்று மண்டியிட்டது.

"அலாமாக்! அழாதே சாயாங், நான்தான்!"

என் கை நின்றுவிட்டது. குழந்தையின் அழுகையும் நின்றது. காப்பகத்துப் பிள்ளை போலிருக்கிறது. "ராணி டீச்சர்!" என்று புலியின் வாய்க்குள் கையை விட்டது. தெருவே சிரித்தது. அர்ச்சுனன் அண்ணன் சிரிக்கவில்லை.

கோயில்வரை அவள் வாயைத் திறக்காமல் ஆடினாள். மண்டபத்தில் முகத்தைக் கழற்றியபோது கன்னமெல்லாம் ஈரம். "வேர்வைதாங்க" என்றாள். வேர்வை இல்லை என்று எனக்குத் தெரியும். சொன்ன சொல் மாறாமல் முகத்தைத் தானே அலமாரியிடம் கொண்டுபோனாள். அர்ச்சுனன் அண்ணன் கதவைத் திறந்தார்.

அப்போது அந்தச் சின்னப் பெண் தன் அம்மா கஸ்தூரியை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். "அங்கிள், பேசுற புலி எங்க?"

அவர் ராணி கையிலிருந்த புலிமுகத்தைப் பார்த்தார், ராணியைப் பார்த்தார். பிறகு குனிந்து, "அதுக்குத் தொண்டை கட்டிருச்சும்மா. ராணி டீச்சர் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி மருந்து கொடுப்பாங்க" என்று சொல்லி வெறும் அலமாரியைச் சாத்தினார். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது.

இப்போது சனிக்கிழமைகளில் மண்டபத்துக் கார் நிறுத்துமிடத்தில் கஸ்தூரியும் இன்னும் சில பெண்களும் ராணியிடம் ஆடப் பழகுகிறார்கள். முதல் நாள் ராணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கண்டிப்பாக ஆரம்பித்தாள். "முதல் கட்டு. முகம் போட்டா புலி பேசக் கூடாது."

பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அர்ச்சுனன் அண்ணன் கனைத்தார்.

"புள்ளைங்க அழுதா பேசலாம்லா."