பதினாறு வயதில் பிரஷர்

டோருனுக்குப் பதினாறு வயது, நூற்று நான்கு கிலோ. மோலோய் துறைமுகத்தில் அதை யாரும் குறையாகச் சொன்னதில்லை. மற்றவர்கள் ஒரு மீன்பெட்டிக்கே திணறும்போது அவள் இரண்டைத் தூக்குவாள். மீன்பிடிக் கப்பலில் பயிற்சிக்கு இடமும் கிடைத்திருந்தது. மருத்துவச் சான்றிதழ்தான் பாக்கி.

டாக்டர் பெர்க்லியோட் அவள் கையில் பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். எண்ணைப் பார்த்துவிட்டு, அகலமான பட்டையை எடுத்து மறுபடி சுற்றினார். நூற்று நாற்பத்தெட்டு. இன்னும் இரண்டு நாள் வரச்சொல்லி அளந்தும் இறங்கவில்லை.

“எனக்கு ஒண்ணுமே பண்ணலையே டாக்டர். தலைவலிகூடக் கிடையாது.”

“அது சத்தம் போடாதும்மா. எடை ஏற ஏற இதயம் கூடுதலா பாடுபடணும். இந்த வயசுலயே பார்த்தா இறக்கிடலாம். இறங்கட்டும், கையெழுத்து போடறேன்.”

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பொரிந்து தள்ளினாள். அப்பா ஒட்லைவ், மீன் ஆலையில் வண்டி ஓட்டுபவர், மகளைவிடப் பெருத்தவர். ஒரு காலத்தில் கடலுக்குப் போனவர். மகள் பிறந்ததும் அவளுக்காகவே கரையேறியதாக ஊரெல்லாம் சொல்லிக்கொள்வார். டாக்டரை அவரும் திட்டுவார் என்று டோருன் எதிர்பார்த்தாள். அவரோ தட்டில் இருந்த உருளைக்கிழங்கை நசுக்கிக்கொண்டே இருந்தார்.

“உனக்காகக் கப்பலை விட்டு இறங்கலடி நான். எனக்கும் கையெழுத்து போடல. இதே பிரஷர்தான். மாத்திரை கொடுத்தாங்க. வெட்கமா இருந்துச்சு, தூக்கிப் போட்டுட்டேன்.”

“இத்தனை வருஷமா என்மேலயா பழியைப் போட்டீங்க?”

மூன்றாம் நாள், ஆஸ்பத்திரியில் இரவல் தந்த கருவியோடு வந்து நின்றாள்.

“கையை நீட்டுங்க.”

நூற்று எண்பத்தொன்று. மறுநாள் காலை டாக்டரிடம் அவரை இழுத்துக்கொண்டு போனாள்.

அதன்பின் வீட்டில் கோலா இல்லை, உப்பில் ஊறிய சாஸேஜ் இல்லை. மழையானாலும் தினமும் மலையேறினாள். வகுப்புப் பையன்கள் பின்னால் கத்தினார்கள்: “திமிங்கலம் மலை ஏறுது பாருடா!”

“ஏறுதுல்ல? நீ கீழயே நில்லு.”

வீட்டுக்கு வந்துதான் அழுதாள். கிறிஸ்துமஸில் இரண்டு கிலோ திரும்ப ஏறியபோது இன்னொரு முறை அழுதாள். ஒன்பது மாதத்தில் பதினோரு கிலோ குறைந்தது. பிரஷர் நூற்று இருபத்து நாலு. டாக்டர் கையெழுத்திட்டார். ஒட்லைவுக்கு எடை அவ்வளவாக இறங்கவில்லை. மாத்திரையை மட்டும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டார்.

கப்பலில் முதல் நாள் தந்த மழையங்கி அவள் தோளுக்கு இறுக்கமாக இருந்தது. எல்லாருக்கும் கேட்கும்படியே கேட்டாள்:

“இதைவிடப் பெருசு இருக்கா?”