பேய் என்று கேட்ட பெயர்

பவுனம்மாளுக்குச் சின்ன வயதில் பெரியம்மை போட்டிருந்தது. முகம் முழுக்கத் தழும்பு. பர்மாத் தலைநகரின் அலோன் பகுதியில், துறைமுகத்தை ஒட்டிய மரவீட்டின் மாடியில் தனியாக இருந்தாள். வெளியே போனால் முந்தானை கன்னத்தை விட்டு இறங்காது.

பபேடான் கடைத்தெருப் பக்கம் ஒரு கான்டனீஸ் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவினாள். அங்கே முதலாளியையே எல்லோரும் "ஃபேய்லோ" என்பார்கள். தடியன் என்று அர்த்தம். அவர் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார். அவர் மனைவி ஆ லான் பவுனம்மாளைக் கூப்பிட்டது "தௌபேய்" என்று. தன்னைப் பேய் என்கிறாள் என்று நினைத்துப் பவுனம்மாள் அழுதாள். தழும்பு மூஞ்சி என்றுதான் அர்த்தம் என்று பிறகு தெரிந்தது. அதிலும் ஆறுதல் இல்லை.

"எங்க ஜனம் பிரியமா இருந்தாத்தான் இப்படிக் கூப்பிடும்" என்றாள் ஆ லான் பர்மியில்.

அறுபத்தேழு ஜூனில் கலவரம் வந்து, பர்மாக்காரர்கள் சீனர் கடைகளை அடித்து நொறுக்கினார்கள். முதலாளி எங்கே ஓடினார் என்று தெரியவில்லை. நெற்றியில் கல் பட்ட ஆ லானுக்குத் தன் மாற்றுச் சேலையைப் போர்த்தி, சந்து சந்தாக நடத்தி வீட்டுக்குக் கூட்டி வந்தாள் பவுனம்மாள். மறுநாள் காய்ச்சலில் ஆ லான் பிதற்ற ஆரம்பித்தாள்.

மத்தியானம், நல்ல மழையில், ஒளிந்திருக்கும் சீனரைத் தேடித் தடியோடு ஆட்கள் மாடி ஏறினார்கள். வீடு காட்டச் சொல்லிக் கீழ்வீட்டு அப்பாசாமியையும் இழுத்து வந்திருந்தார்கள்.

"உள்ள யாரு?"

"மாமியா. அம்மை கண்டிருக்கு."

ஆ லான் படுத்திருந்த மூலையை மறைத்த திரைக்குப் பின்னால் குரல் எழுந்தது. "தௌபேய்... தௌபேய்..."

முன்னால் நின்றவன் அப்பாசாமியிடம் திரும்பினான். "என்ன பாஷை அது?"

அவளுக்கு மாமியார் கிடையாது என்று அப்பாசாமிக்குத் தெரியும். அவளைப் பார்த்தார். பிறகு அவனிடம் பணிவாகச் சொன்னார்.

"தமிழ்தான் சயா. பேய் பேய்னு பிதற்றுது."

அவன் திரையை நோக்கி நகர்ந்தான். பவுனம்மாள் முந்தானையைக் கன்னத்திலிருந்து விலக்கி, முகத்தை அவனுக்கு நேரே காட்டினாள்.

"எனக்கு வந்ததுதான் அதுக்கும் வந்திருக்கு. போய்ப் பாருங்க."

அவன் கையால் வாயைப் பொத்திக்கொண்டான். எல்லோரும் இறங்கிப் போனார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து அப்பாசாமி மட்டும் படியேறி வந்தார். "தங்கச்சி, நான் ஒண்ணும் பார்க்கல. ஆனா சீக்கிரம் அனுப்பிடு."

ஆ லான் பிழைத்தாள். காய்ச்சலில் "தௌபேய்" என்று கூப்பிட்டது அவளுக்கு நினைவில்லை, பவுனம்மாளும் சொல்லவில்லை. கலவரம் அடங்கியதும் முதலாளி வந்து அவளை மௌல்மீனுக்கு அழைத்துப் போனார். கடை திறக்கவேயில்லை.

பவுனம்மாள் கிடங்கில் சாக்குத் தைக்கப் போனாள். படியில் செருப்புச் சத்தம் கேட்டால், தடியோடு வந்தவர்களோ என்று அடுப்பை அப்படியே விட்டுவிட்டு எழுந்து நின்றுவிடுவாள். எத்தனையோ நாள் குழம்பு கருகியிருக்கிறது.