எஞ்சின் ஏறி இறங்கிய ஞாயிறு

எங்கள் கோயில் ஆட்கள் என்னைக் 'கரண்ட் அக்கா' என்பார்கள். கனடாவின் வடக்கே, ரோட்டே போகாத ஊர்களில் மின்சாரம் தரும் டீசல் எஞ்சின்களில் பிரச்சினை வந்தால் மொன்றியலிலிருந்து தொலைபேசியில் வழி சொல்வது என் வேலை.

"அணை கட்டி அடுத்த நாட்டுக்கே கரண்ட் விக்கிற இடத்தில டீசல் எஞ்சினோ?" என்று கேட்காத ஆள் இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஓம், அணை இருக்கிறது. அதன் கம்பி தெற்கே நம்மிடம்தான் வருகிறது. வடகோடிக் கரையோர ஊர்களுக்கு ஒரு கம்பியும் போவதில்லை. கோடையில் கப்பல் வந்து குளிர்காலத்துக்கும் சேர்த்து டீசல் நிரப்பிவிட்டுப் போகும். ஊருக்கு ஒரு மின்நிலையம், நான் பார்க்கும் ஊர்களில் உள்ளே மூன்று எஞ்சின்கள். ஒன்று ஓடும், ஒன்று தயாராக நிற்கும், ஒன்று பெரும்பாலும் கழற்றிப் போட்டுக் கிடக்கும். வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் அடுப்புக்கும் கரண்ட் வேண்டும். அது நின்றால் சில மணி நேரத்தில் குழாய்த் தண்ணீர் உறைந்துவிடும்.

அன்று ஜனவரி ஞாயிறு. நகரின் செயின்ட்-மிஷேல் பகுதியில், எங்கள் கோயிலில் பூசை முடிந்து கீழ் மண்டபத்தில் சாப்பாடு. முதல் பிடி சோற்றை வாயில் வைக்கவில்லை, ஃபோன் அடித்தது.

வடக்கே ஒரு மின்நிலையத்தைத் தனியாளாகப் பார்க்கிற பெண். எதற்கும் பதறாதவள். அன்று குரல் உலர்ந்திருந்தது.

"ஓடுகிற எஞ்சினில் அதைக் குளிர்விக்கும் தண்ணீர் ஒழுகுகிறது. வாளியால் ஊற்றிக்கொண்டிருக்கிறேன். ஒரு மணி நேரம் தாங்கும். அடுத்ததைப் போட்டேன், நிலையாக ஓட மாட்டேன் என்கிறது" என்றாள் ஆங்கிலத்தில். மூன்றாவது கழற்றிக் கிடந்தது. வெளியே பனிப்புயல், விமானம் இறங்காது. இரண்டும் நின்றால் முழு ஊரும் குளிரில்.

என் மேலாளரை அழைத்தேன். வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி போய்விட்டது, புயல் ஓய்ந்ததும் புதியதை அனுப்பலாம் என்றார். நானும் அதையே நம்பி, பெட்டிதான் பழுது என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னேன். படித்த படிப்பு அப்படி. மடிக்கணினியைத் திறந்து எஞ்சினின் வரைபடங்களுக்குள் தலையை விட்டேன்.

"பிளேட்டை மூடி வைக்கட்டே?" என்று கணவர் கேட்டார். அவரை முறைத்தேன்.

பிறகு அவளைத் திரும்ப அழைத்து, "ஃபோனை இரண்டாவது எஞ்சினுக்குக் கிட்டப் பிடியுங்கள்" என்றேன். மண்டபத்து இரைச்சலில் கேட்கவில்லை என்று ஸ்பீக்கரைப் போட்டேன். எஞ்சின் சத்தம் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது.

மண்டபம் அடங்கிவிட்டது. போரில் கரண்ட் இல்லாமல் போன யாழ்ப்பாணத்தில் வருடக்கணக்காக தண்ணீர் இறைப்பு மிசினோடும் ஜெனரேட்டரோடும் மல்லுக்கட்டிய சனம் அது. அந்தச் சத்தத்துக்குக் காது தானாகத் திரும்பும்.

கரண்டியோடு நின்ற அண்ணை ஒருவர், ஊரில் உழவு மிசின் ஓட்டியவர், சாம்பார் வாளியைக் கீழே வைத்தார்.

"பெட்டியுமில்லை, ஒண்டுமில்லை. அது காத்துப் பிடிச்சிட்டுது, பிள்ளை. டீசல் வாற பாதையில எங்கயோ காத்து இழுக்குது."

"ஓம், அதே சத்தந்தான்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "கடைசியா எதைக் கழட்டினவை எண்டு கேளுங்கோ" என்றது இன்னொன்று.

எனக்கு முகம் சுட்டது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன். இந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவள்தானே நானும்?

"அந்த எஞ்சினில் கடைசியாக எதைக் கழற்றினீர்கள்?"

"காலையில் டீசல் ஃபில்டரை மாற்றினேன்."

"பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் அதோடேயே வந்ததா?"

"பார்க்கவில்லை" என்றாள். குளிரில் அந்த வளையம் இரும்போடு ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். பார்க்காமல் புது ஃபில்டரைப் பூட்டினால் இரண்டு வளையங்கள், நடுவில் காற்று புக வழி.

"அந்த எஞ்சினை நிறுத்தி, ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள்" என்றேன்.

காத்திருந்தோம். சோறு ஆறியது, ஒருவரும் கை வைக்கவில்லை. அவள் திரும்பி வந்து, "இரண்டு இருக்கிறது" என்றாள். பழையதை உரித்தெடுத்துப் பூட்டினாள். நுரை நின்று சுத்தமான டீசல் வரும்வரை கைப்பம்பை அடிக்கச் சொன்னேன். "இன்னும் அடிக்கச் சொல்லு, பிள்ளை. அவசரப்படுத்தாதை" என்றார் அண்ணை. அவள் அடித்துக்கொண்டேயிருந்தாள்.

"போடுகிறேன்" என்றாள்.

ஒரு இருமல். இன்னொன்று. பிறகு எஞ்சின் பிடித்தது. ஏறவில்லை, இறங்கவில்லை. ஊரின் மின்சுமையை அதன் மேல் மாற்றினாள். ஒரு கணம் தாழ்ந்து, நிமிர்ந்து, ஒரே சீராக ஓடியது. ஒழுகிய எஞ்சினை நிறுத்தினாள்.

கைதட்டலில் தகரக் கூரை என்றால் பறந்திருக்கும். அண்ணை கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி வாளியைத் தூக்கினார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஒரு காலத்தில் எங்களுக்கு இல்லாமல் போன வெளிச்சத்தை இன்று வேறொரு ஊரில் அணையவிடாமல் வைத்தோம். அந்தப் பெருமையை நான் மறைக்கப் போவதில்லை.

"அது என்ன சத்தம்?" என்றாள் அவள். "உங்களிடம் எத்தனை எஞ்சினியர்கள் இருக்கிறார்கள்?"

மண்டபத்தை ஒரு தரம் சுற்றிப் பார்த்தேன்.

"ஒரு நாற்பது பேர்" என்றேன். "இன்னும் சாப்பிடவில்லை."